அம்மாவின் வேலையை நான் ராஜினாமா செய்தேன்

உலகத்தில் எத்தனையோ பேர் தங்கள் வேலையை ராஜினாமா செய்திருக்கிறார்கள். நான் என் அம்மாவின் வேலையை ராஜினாமா செய்திருக்கிறேன். அம்மாவுக்கே தெரியாமல். எனக்கும் தெரியாமல்தான் செய்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை ஏதோ வில்லி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இது நடந்தது 2004-இல். எனக்கு இருபது வயது. கடலூரில் ஒரு கல்லூரியில் கணிதம் மூன்றாம் ஆண்டு. வீடு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்துக்குள். அப்பா பந்தல் கான்ட்ராக்டர். (பெயர்தான் கான்ட்ராக்டர். நூறு நாற்காலி, நாலு சாமியானா, ஒரு டிரைசைக்கிள், அவ்வளவுதான்.) ஆடியும் மார்கழியும் வந்தால் நாற்காலிகளுக்கும் அப்பாவுக்கும் ஓய்வு. அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு அம்மாவின் சம்பளத்தில்தான் எரியும்.

அம்மா சரோஜா, சிதம்பரத்தில் ஒரு உரக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பத்தொன்பது வருஷ சர்வீஸ். இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய கை. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் ஒரு எழுத்து பிசகாமல் அடித்துக் கொடுப்பாள். ஆனால் அடிப்பது என்ன என்று மட்டும் பார்க்கமாட்டாள். "அர்த்தம் பாத்தா ஸ்பீடு கொறஞ்சிடும்டி" என்பாள். அதை நான் அப்போதே கொஞ்சம் கவலையோடு கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது கல்லூரியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில். சென்னையிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சொல்லச் சொன்னார். நான் எழுந்து நின்று, நான் ஒரு நல்ல பெண் என்று ஒரு வாக்கியம் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அதனால் அதையே இன்னும் மூன்று முறை சொன்னேன். வகுப்பே சிரித்தது. கோட்டு போட்டவர், "வார்த்தை வேணும்மா, வார்த்தை! வார்த்தை இருந்தா உலகம் உன் கைல" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அழுதேன். மறுநாள் அம்மா சாப்பாட்டு நேரத்தில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடைக்குப் போய், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ஜெராக்ஸ் கட்டை வாங்கி வந்தாள். அமெரிக்கா போகப் படித்த எவனோ ஒரு இன்ஜினியரிங் மாணவன் போட்டுவிட்டுப் போனது. வெறும் வார்த்தைகள். இங்கிலீஷ்காரர்களே பயன்படுத்தத் தயங்கும் வார்த்தைகள், ஏ-யிலிருந்து வரிசையாக, பக்கத்தில் குட்டியாக அர்த்தத்தோடு. 'எஸ்' வரைக்கும் இருந்தது. 'டி'யிலிருந்து மீதியைக் காணோம்.

"கடைக்காரர் எஸ்ஸு வரைக்கும் போதும்னாரு. அதுக்கு மேல ஜாஸ்தி யாரும் பேச மாட்டாங்களாம்" என்றாள் அம்மா.

ஒரு நாளைக்கு முப்பது வார்த்தை என்று ஆரம்பித்தேன். கண்ணாடியில், அரிசி டப்பாவில், அப்பாவின் சட்டைப் பையில் எல்லாம் துண்டுச் சீட்டு. இரண்டு மாதத்தில் நான் மனிதர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டேன், வார்த்தைகளை அவர்கள்மேல் எறிய ஆரம்பித்தேன். ஒருநாள் அப்பாவிடம், "நீங்க ரொம்ப கேரலஸ்ப்பா" என்றேன். வளவளவென்று பேசுகிறவர் என்று அர்த்தம்.

"நான் எங்கடி கேரளாவுக்குப் போனேன்?" என்றார் அப்பா.

என் தோழி மேரி என்னோடு கேன்டீனுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். (பின்னால் கேட்டபோது, "டீ நல்லா இருக்குன்னு சொல்ல நீ பத்து நிமிஷம் எடுத்துக்கிட்ட" என்றாள்.) பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பொறாமைக்கு ஆங்கிலத்தில் அப்போது எனக்கு மூன்று வார்த்தை தெரியும்.

இந்த நிலையில்தான் அம்மாவுக்கு முட்டி வலி வந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். பாதி நாள் நின்றுகொண்டே பயணம். இறங்கினால் அலுவலகம் மாடியில். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்காருவாள். அதே கம்பெனிக்குக் கடலூரிலும் ஒரு கிளை உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், அதுவும் தரைத்தளத்தில். டாக்டரும் படி ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என்னிடம் வந்தாள்.

"மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதணும்டி. முட்டி வலிக்குது, கடலூருக்கு டிரான்ஸ்ஃபர் குடுங்கன்னு. நாலு வரி போதும். நீதான் இங்கிலீஷ்ல பெரிய ஆளாயிட்டியே."

இந்தக் கடைசி வரியை அம்மா சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாலு வரியா? எனக்குள் அப்போது ஆயிரத்து எண்ணூறு வார்த்தைகள், தேர்த் திருவிழாக் கூட்டம் போல வெளியே வர முண்டிக்கொண்டிருந்தன. முட்டி வலி என்பதை 'மாலடி' ஆக்கினேன். தினசரி பஸ் பயணத்தை 'பெரிகிரினேஷன்' ஆக்கினேன். (யாத்திரை போவதற்குச் சொல்கிற வார்த்தை அது. பி.முட்லூர் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு அவ்வளவு மரியாதை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.) பிறகு டிரான்ஸ்ஃபர். அது எவ்வளவு சாதாரண வார்த்தை! பஸ் கண்டக்டர்கூட சொல்கிற வார்த்தை. அதற்கு ஏதாவது கம்பீரமான மாற்று இருக்கிறதா என்று கட்டைப் புரட்டினேன். டிரான்ஸ்ஃபர் ஆரம்பிப்பது 'டி'யில். என் அறிவு 'எஸ்'ஸோடு முடிந்துபோயிருந்தது.

அதனால் ஒரு எழுத்து பின்னால் போய் 'ஆர்' வரிசையில் தேடினேன். 'ரிலின்க்விஷ்' கிடைத்தது. அர்த்தம், விட்டுவிடுதல். ஆஹா! அம்மா சிதம்பரத்தை விட்டுவிட வேண்டும், அதுதானே விஷயம்? அதே பக்கத்தில் 'ரிபோஸ்' கிடைத்தது. இளைப்பாறுதல். முட்டிக்கு வேண்டியதும் அதுதான். கடைசியில் அம்மா எவ்வளவு உறுதியாகக் கேட்கிறாள் என்று ஹெட் ஆபீசுக்குத் தெரியட்டும் என்று 'இர்ரெவக்கபிள்' என்று ஒன்றைச் சேர்த்தேன். திரும்பப் பெற முடியாதது என்று பொருள்.

ஆக, நான் எழுதிய கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நோயின் காரணமாகவும் யாத்திரையின் துன்பம் காரணமாகவும், சிதம்பரத்தில் நான் வகித்துவரும் பதவியைத் துறந்து, கடலூரில் என் குடும்பத்தாரின் மடியில் இளைப்பாற விரும்புகிறேன். இது திரும்பப் பெற முடியாத முடிவு.'

இன்று படித்தால் சின்னக் குழந்தைக்குக்கூட விஷயம் புரியும். அன்று எனக்குப் புரியவில்லை. அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, வலின்னு ஒரு வார்த்தைகூட காணோமே?"

"அதுதாம்மா மாலடி."

"டிரான்ஸ்ஃபர்னு எங்க இருக்கு?"

"அதெல்லாம் ரொம்ப லோக்கல்மா. படிச்சவங்க இப்படித்தான் எழுதுவாங்க."

அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகத்தைவிடப் பெருமைதான் ஜாஸ்தி. மறுநாள் ஆபீசில் தன் கையாலேயே டைப் அடித்தாள். வழக்கம்போல் ஒரு பிழை இல்லை.

கிளை மேனேஜர் பிரான்சிஸ் சார் அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஐந்து நிமிஷம் படித்தாராம். "யாரும்மா எழுதினது?" என்று கேட்டாராம். பொண்ணு என்றதும், "நல்லா வருவா" என்று சொல்லி, கீழே 'பரிந்துரைக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பிரான்சிஸ் சார் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் முகம் வாடியிருந்ததாக அம்மா சொன்னாள்.

"ஆர்டர் வந்துடுச்சும்மா. இந்த மாசக் கடைசில ரிலீவ் ஆயிடலாம். நல்லா யோசிச்சுத்தான எழுதினீங்க?"

"ஆமாம் சார். வீட்ல எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதான்."

"அப்ப நான் குறுக்க நிக்கலம்மா. ஆர்டரைக் கடைசி நாள் கைல குடுத்துடறேன்."

"ரொம்ப நன்றி சார். நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது!"

மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். 'டிரான்ஸ்ஃபருக்கே இப்படி வருத்தப்படறாரே, எவ்ளோ நல்ல மனுஷன்' என்று அம்மா எங்களிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னாள். வீட்டில் எல்லோருக்கும் பாயசம். எனக்கு இரண்டு டம்ளர்.

மாதத்தின் கடைசி வேலை நாள் ஒரு சனிக்கிழமை. ஆடி மாதம். பிரிவு உபசாரத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் நானும் சிதம்பரத்துக்குப் போனோம். மாடி அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு மேசை, அதில் ஒரு ரோஜாப்பூ மாலை, ஒரு சால்வை, வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெரிய பெட்டி. (அப்பா நாற்காலிகளைத் தடவிப் பார்த்து, "நம்ம நாற்காலி தேவலாம்" என்று என் காதில் சொன்னார்.) நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போகிறவளுக்கு இவ்வளவு பெரிய மாலையா என்று எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். கணக்கு பார்க்கிற ராஜேந்திரன் சார், "இனிமே சரோஜாம்மா காலைல பஸ்ஸுக்கு ஓட வேணாம்" என்றார். அம்மா தலையாட்டினாள். "மத்தியானம் நிம்மதியா ஒரு தூக்கம் போடலாம்" என்றார். அம்மா சிரித்தாள், தமாஷ் என்று நினைத்து. அட்டெண்டர் முருகேசன், ஐம்பத்தைந்து வயது மனிதர், பேச ஆரம்பித்துப் பேச முடியாமல் தேம்பினார். "அக்கா, எங்கள மறந்துடாதீங்க" என்றார்.

"ஏம்பா அழுவற? நான் எங்க போயிடறேன்? அடிக்கடி போன்ல பேசப்போறோம், லெட்டர் அனுப்பப் போறோம்" என்றாள் அம்மா.

அதைக் கேட்டு முருகேசன் இன்னும் அழுதார்.

பிரான்சிஸ் சார் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு நீளமான கவரை அம்மா கையில் கொடுத்தார். அம்மா ஏற்புரை சொல்ல எழுந்தாள். வாழ்க்கையில் முதல் மேடை.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்தொம்பது வருஷம் ஒரு குடும்பமா இருந்தோம். அங்க போயும் இதே மாதிரி நல்லா வேலை செய்வேன். திங்கக்கிழமை காலைல ஒம்பதரைக்கு டான்னு கடலூர் ஆபீஸ்ல இருப்பேன்."

முருகேசன் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கடலூர் ஆபீசுக்கு எதுக்கும்மா?" என்றார் பிரான்சிஸ் சார்.

"டூட்டிக்குத்தான் சார்."

"எந்த டூட்டிம்மா?"

அம்மா கவரைப் பிரித்தாள். எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "என்னடி போட்டிருக்கு? படி" என்றாள்.

அதில் கஷ்டமான வார்த்தை ஒன்றுமே இல்லை. 'உங்கள் ராஜினாமா வருத்தத்துடன் ஏற்றுக்கொள்ளப்படுகிறது' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, நான் உன்ன ராஜினாமா பண்ண வச்சிட்டேன்மா" என்றேன்.

அம்மா மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரான்சிஸ் சார் அங்கேயே சென்னைக்கு டிரங்க் கால் போடாத குறையாக மூன்று முறை போன் சுழற்றினார். வேலை நியமனம், மாற்றல் எல்லாம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் மேடம் கிடைத்தார். மறுமுனையில் சொன்னது எனக்கே கேட்டது. "திரும்பப் பெற முடியாத முடிவுன்னு அவங்களே எழுதியிருக்காங்களே சார்?" கடைசியில், திங்கட்கிழமை அவர் கடலூர் கிளைக்கு இன்ஸ்பெக்ஷன் வருவதாகவும் அங்கே வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஆயிரத்தெட்டு வார்த்தை படிச்ச. காலு வலிக்குதுன்னு ரெண்டு வார்த்தை அதுல கெடைக்கலியா?"

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கே கடலூர் கிளை வாசலில் நின்றோம். சிதம்பரத்திலிருந்து பிரான்சிஸ் சாரும் வந்திருந்தார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. நான் சனிக்கிழமையிலிருந்து ஒரு மன்னிப்பு உரையை ஆங்கிலத்தில் தயாரித்து மனப்பாடம் செய்திருந்தேன். அதிலும் 'பி' வரிசையிலிருந்து இரண்டு நல்ல வார்த்தைகளை வைத்திருந்தேன். (பட்டும் திருந்தாத ஜென்மம் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.)

பர்சனல் ஆபீசர் மேடம் ஒல்லியாக, பருத்திப் புடவையில், தலை நரைத்து இருந்தார். அம்மாவின் கடிதம் அவர் முன்னால் மேசையில் கிடந்தது. "யெஸ்?" என்று என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். உரை, மன்னிப்பு, 'பி' வரிசை எல்லாம் ஆவியாகிப் போய்விட்டன. வாயிலிருந்து தமிழ்தான் வந்தது.

"மேடம், தப்பு என்னுது. அம்மாவுக்கு முட்டி வலி. படி ஏற முடியல. கடலூருக்கு மாத்தல் வேணும். அதத்தான் எழுதச் சொன்னாங்க. நான் பெரிய வார்த்தையா போடணும்னு போட்டேன். எனக்கே சரியா அர்த்தம் தெரியல. அம்மா ஒண்ணும் பண்ணல மேடம்." அதற்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

மேடம் பிரான்சிஸ் சார் பக்கம் திரும்பினார். "நீங்க பரிந்துரை பண்ணியிருக்கீங்களே. இது என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலியா?"

பிரான்சிஸ் சார் நினைத்திருந்தால் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இருபத்தாறு வருஷ சர்வீஸ் அவருக்கு. அவர் எழுந்து நின்றார்.

"எனக்கு அந்த லெட்டர் புரியலீங்க மேடம். கேட்டா என்னை என்ன நெனப்பாங்களோன்னு வெக்கமா இருந்துச்சு. அதான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

மேடம் கடிதத்தை எடுத்து, அந்த யாத்திரை வார்த்தையில் விரலை வைத்தார். "இதுக்கு நானே டிக்‌ஷனரி பாத்தேன்" என்றார். உதடு துடித்தது. அழப் போகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இப்ப எழுது. நாலு வரி. ஒரு வார்த்தைக்கும் நான் டிக்‌ஷனரி எடுக்கக் கூடாது."

எழுதினேன். என் முட்டி வலிக்கிறது. என்னால் படி ஏற முடியவில்லை. எனக்குக் கடலூருக்கு டிரான்ஸ்ஃபர் வேண்டும். முன்பு அனுப்பிய கடிதம் தவறு. என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் எழுதியதில்லை. அம்மா வாங்கி, இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக அர்த்தம் பார்த்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

மேடம் படித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு முகம் மாறியது.

"ஆனா ஒரு பிரச்சனை இருக்கும்மா. ராஜினாமான்னு நெனச்சு சிதம்பரத்துக்கு வேற டைப்பிஸ்டப் போட்டாச்சு. இன்னிக்குக் காலைல ஜாயின் பண்ணியிருப்பாங்க. இனிமே உங்களுக்கு அங்க எடமில்ல."

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"காலியா இருக்கறது இந்த ஆபீஸ் சீட் ஒண்ணுதான்" என்றார் மேடம். "இங்க உக்காந்து டைப் அடிப்பீங்களா?"

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், "இப்பவே உக்காரட்டுமா மேடம்?" என்றாள். நிஜமாகவே போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த இடத்துக்கு மூன்று வருஷமாக டிரான்ஸ்ஃபர் கேட்டு இரண்டு பேர் காத்திருந்தார்களாம், முறையான ஆங்கிலத்தில். அவர்களுக்கெல்லாம் கிடைக்காதது என் அம்மாவுக்கு ஒரே மாதத்தில் கிடைத்தது.

வெளியே வந்தோம். பக்கத்து டீக்கடையில் அப்பா நின்றிருந்தார், உள்ளே வர பயந்துகொண்டு. விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே எனக்கு ஒரு டீயும், பிரான்சிஸ் சாருக்கு ஒரு டீயும், முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு டீயும் சொன்னார். டீ நன்றாக இருந்தது. "டீ நல்லா இருக்குப்பா" என்று தமிழில், ஒரே மூச்சில் சொன்னேன். மூன்று நாளுக்குப் பிறகு அப்பா சிரித்தார்.

அம்மா அந்த ஆபீசில் எட்டு வருஷம் வேலை பார்த்து, 2012-இல் முறைப்படி ஓய்வு பெற்றாள். நான் இங்கிலீஷை விடவில்லை. ஆனால் ஒரு வார்த்தையை நாலு பேர் பேசிக் கேட்ட பிறகுதான் அதை என் வாயில் போடுவது என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கு ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதுகிறேன். இதுவரை யாருக்கும் வேலை போகவில்லை.

ஆனால் என் குடும்பம் எதையும் மறக்கவில்லை. என் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தை அப்பா அச்சகத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார், நான் கிட்டே வருவதற்குள். மாப்பிள்ளை வீட்டாருக்கு மேடையிலேயே கதை சொல்லப்பட்டது. போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு ஒரு லீவ் லெட்டர் எழுதி மேசையில் வைத்தேன். மொத்தம் இரண்டே வரி. எழுபது வயது அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வார்த்தையின் மேலும் டைப் அடிக்கிற விரலை வைத்துப் படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"லீவ்னுதான போட்டிருக்க? லீவிங்னு இல்லையே? குழந்தைக்கு டி.சி. குடுத்து அனுப்பிடப் போறாங்கடி."